குளிர் ஊரில் ஓவர்கிளாக்: சும்மா விடுவதா, லேசாகத் தட்டுவதா, கையால் ஏற்றுவதா, காசை வேறு பாகத்தில் போடுவதா?

இலங்கை மலைநாட்டில் நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் சொந்தமாக டெஸ்க்டாப் வைத்திருக்கும் தம்பிமார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "அண்ணா, கொழும்பு வெயில்ல இருக்கிறவங்களே புரோசஸரை ஓவர்கிளாக் பண்றாங்க, நம்ம ஊர்க் குளிருக்கு நாம பண்ணினா என்ன?" ஓவர்கிளாக் என்றால் புரோசஸரைத் தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் ஓட வைப்பது. நியாயமான கேள்விதான். குளிர் நமக்குக் கிடைத்திருக்கும் உண்மையான வசதி, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் புரோசஸரை வேகமாக ஓட வைக்கத் தேவைப்படுவது குளிர் மட்டும் இல்லை, நல்ல கரண்டும் வேண்டும். அந்த இடத்தில்தான் நம் ஊர் வீடுகள் கொழும்பைவிடப் பின்தங்கி நிற்கின்றன. இதைக் கணக்கில் எடுக்காமல் எடுக்கும் முடிவு பாதி முடிவுதான்.

இதுவரை பயோஸ் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) பக்கமே போகாத ஒருவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இருப்பதை இருக்கிறபடி விட்டுவிட்டு ஒழுங்குபடுத்துவது. இரண்டு, புரோசஸர் தானாகவே வேகம் கூட்டிக்கொள்ளும் வசதியை லேசாகத் தட்டிவிடுவது. மூன்று, வேகத்தையும் வோல்டேஜையும் கையால் குறித்து ஏற்றுவது. நான்கு, இதற்கென்று செலவாகப்போகும் காசை வேறொரு பாகத்தில் போடுவது.

## முதலில், உங்கள் மெஷினில் இது முடியுமா?

நம் பக்கத்து வீடுகளில் இருக்கும் டெஸ்க்டாப்புகளில் நிறைய, வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்து இங்கே விற்பனைக்கு வந்த டெல், எச்பி, லெனோவோ மெஷின்கள். உள்ளே ஐ5-4570, ஐ5-6500 மாதிரி இன்டல் புரோசஸர் ஏதாவது இருக்கும். இவற்றில் பெருக்கி (வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) பூட்டப்பட்டது, மதர்போர்டிலும் அதற்கான வசதி கிடையாது. நான்கு வழிகளில் முதலாவதும் கடைசியும்தான் உங்களுக்கு. எந்த சாஃப்ட்வேரைப் போட்டாலும் மாறாது, யாராவது மாற்றித் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்டலில் புரோசஸர் பெயரின் முடிவில் 'கே' எழுத்து இருக்க வேண்டும், மதர்போர்டும் 'இசட்' வரிசையாக இருக்க வேண்டும் (இசட்390, இசட்690, இசட்790 மாதிரி). இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் புரோசஸர் வேகத்தைக் கூட்ட முடியாது. பி560, பி660, பி760 போர்டுகளில் ரேம் வேகத்தை மட்டும் ஏற்றலாம். ஏஎம்டி இதில் தாராளம்: ரைசன் டெஸ்க்டாப் புரோசஸர்கள் பெரும்பாலும் திறந்தவைதான், பி450, பி550, எக்ஸ்570 மாதிரிப் போர்டு இருந்தால் போதும். ஏ320, ஏ520 போர்டுகளில் முடியாது. ரைசன் 7 5800எக்ஸ்3டியில் பெருக்கி பூட்டப்பட்டிருக்கிறது, அதையும் கவனியுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து விஷயங்கள். உங்கள் வேலைக்கு எவ்வளவு பயன், சூடு, கரண்ட், செலவு, தப்பு நடந்தால் திரும்பி வர வழி. இதில் சூட்டையும் கரண்டையும்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், நம் ஊருக்கென்று இருக்கும் சங்கதிகள் அங்கேதான்.

சூடு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வருடச் சராசரி வெப்பநிலை 16 டிகிரி அளவு. ஹட்டனும் பண்டாரவளையும் 1,200 மீட்டரைத் தாண்டியவை. கண்டி ஏறத்தாழ 500 மீட்டர்தான், அங்கே இருப்பவர்கள் இந்தக் குளிர்க் கணக்கைப் போட வேண்டாம். காற்றால் குளிரூட்டும் ஹீட்சிங்க் புரோசஸரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது, அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் வைத்திருக்கும். கொழும்பில் 30 டிகிரி அறையில் 45 டிகிரி மேலே, அதாவது 75ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே மெஷினை நுவரெலியாவில் 18 டிகிரி அறையில் வைத்தால் 63 வரும் என்று நினைப்போம், வராது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்திருப்பதால் அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் கொண்டுபோகும் சூடும் குறையும். 45 இருந்த இடைவெளி 50 பக்கம் போகலாம், அப்போது 68. இன்னும் லாபம்தான், ஆனால் நினைத்த அளவு லாபம் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பின்பக்க சமையலறையில் விறகு எரியும் வீடென்றால் கேசிங்கைத் திறந்து ஹீட்சிங்கைக் கழற்றிப் பாருங்கள். அலுமினியத் தகடுகளுக்கு இடையில் இருக்கும் தூசு பஞ்சு மாதிரி உதிராது, கரியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து கம்பளித் துணி போலப் படிந்திருக்கும், ஊதினால் போகாது, பிரஷ் வைத்துச் சுரண்ட வேண்டியிருக்கும். இப்படி அடைத்துப்போன ஹீட்சிங்க் வெளியே இருக்கும் குளிரை முழுசாக விழுங்கிவிடும்.

ஈரப்பதம் பற்றியும் பயப்படுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் அறையைவிடச் சூடாக இருப்பதால் அதில் பனி படியாது. குளிர்ந்து கிடக்கும் மெஷினைச் சூடான, ஈரமான அறைக்குத் தூக்கி வந்து உடனே ஆன் பண்ணும்போதுதான் ஆபத்து. மழைக்காலத்தில் டவுனில் இருந்து கொண்டுவந்தால் ஒன்றிரண்டு மணிநேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

கரண்ட். இங்கேதான் நான் யாரையும் அவசரப்படுத்த மாட்டேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி நாடு முழுக்க ஒரே நேரத்தில் போனது. அப்படிப் பெரிதாக எதுவும் நடக்காத நாட்களிலும், காற்றும் மழையுமாக இருக்கும் மாதங்களில் மரக்கிளை லைனில் விழுந்து கரண்ட் போய்ப்போய் வருவது நமக்குப் பழகிப்போன விஷயம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல். ஓவர்கிளாக் பண்ணிய மெஷின் இழுக்கும் கரண்ட் கூடும், பவர் சப்ளைக்கு இருக்கும் மூச்சு விடும் இடம் குறையும், வோல்டேஜ் விழும்போது முதலில் தடுமாறுவதும் அந்த மெஷின்தான்.

எர்த் விஷயத்தைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். பழைய லயங்களிலும் (தோட்டத்து வரிசை வீடுகள்) பழைய குவாட்டர்ஸ்களிலும் வயரிங் எந்தக் காலத்தில் போட்டது என்றே தெரியாது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் சொருகி ஓட்டுகிற வீடுகளும் உண்டு. மெஷின் ஓடும்போது கேசிங்கின் பெயின்ட் இல்லாத இரும்பு இடத்தில் புறங்கை பட்டால் 'சுர்'ரென்று ஊசி குத்துவது போல இருக்கிறதா? பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிப் பகுதி சின்னக் கசிவை எர்த் வயருக்குத்தான் அனுப்பும், எர்த் இல்லாததால் அது இரும்பில் நிற்கிறது என்று அர்த்தம். அப்படி இருக்கும் வீட்டில் ஓவர்கிளாக் பற்றிய பேச்சே வேண்டாம். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் ராடையும் ட்ரிப் சுவிட்சையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பாறை நிலத்தில் எர்த் சரியாகப் பிடிக்காது என்பதையும் அவரிடம் சொல்லி, அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கம்பியூட்டருக்காக இல்லாவிட்டாலும் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் செய்ய வேண்டிய வேலை அது.

செலவு. கூலர் விலை, பவர் சப்ளை விலை எல்லோரும் போடும் கணக்கு. மறைந்திருக்கும் கணக்கு வேறு. ஒன்று, கரண்ட் பில்: 50 வாட் கூடுதலாக இழுக்கும் மெஷின் நாளுக்கு ஐந்து மணிநேரம் ஓடினால் மாதம் ஏழரை யூனிட். பார்க்கச் சின்னதுதான், ஆனால் நம் வீட்டுக் கட்டணம் 30, 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுகிறது. 60 தாண்டினால் கணக்கே மாறும், படி ஏறும்போது நிலையான கட்டணமும் ஏறும். 57 யூனிட் பாவிக்கும் வீட்டுக்கு அந்த ஏழரை சின்ன விஷயம் இல்லை. இரண்டு, வாரண்டி. ஓவர்கிளாக் பண்ணி வந்த கோளாறுக்கு வாரண்டி கிடையாது என்பதே தயாரிப்பாளர்களின் நிலை, பிபிஓ (வழி 2ல் வரும்) போன்ற தானியங்கி வசதிகளும் ஏஎம்டி கணக்கில் ஓவர்கிளாக்தான். மூன்று, வாரண்டி இருந்தாலும் அந்தச் சாமானைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். பதுளையிலிருந்து போனால் ஒரு முழுப் பகல் அதிலேயே போய்விடும். சாமான் திரும்பி வரும்வரை மெஷின் இல்லை. கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுப்பவருக்கு அந்த நாட்கள் எல்லாம் நட்டம்தான்.

## வழி 1: இருப்பதை ஒழுங்குபடுத்துவது

இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஹீட்சிங்கைக் கழற்றி, தூசு கரியெல்லாம் எடுத்து, காய்ந்துபோன பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டு, கேசிங்கில் காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் ஃபேன் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய புரோசஸர்கள் சூடும் மின்சக்தியும் இடம் கொடுக்கும் அளவுக்குத் தாங்களாகவே வேகத்தைக் கூட்டுபவை. குளிர்ச்சி கூடினாலே ஓரளவு வேகம் சும்மா கிடைக்கும், பயோஸில் ஒன்றையும் தொடாமல்.

அப்புறம் ரேம். 3200 என்று ஸ்டிக்கர் ஒட்டிய ரேம், எக்ஸ்எம்பி (ரேமை அதன் ஸ்டிக்கர் வேகத்தில் ஓட்டும் பயோஸ் அமைப்பு) போடாவிட்டால் 2133லோ 2400லோதான் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் தெரியும். ரைசன் வைத்திருப்பவர்களுக்கு இது ஒன்றை ஆன் பண்ணுவதே கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம், நிறையப் பேருக்குப் புரோசஸர் ஓவர்கிளாக்கில் கிடைப்பதைவிடக் கூடுதல். ஒற்றை ரேம் குச்சியில் ஓடுகிறவர்கள் இன்னொன்று சேர்த்து ஜோடியாக்கினால் அதற்கும் மேல். எக்ஸ்எம்பியும் சட்டப்படி பார்த்தால் ஓவர்கிளாக் கணக்குத்தான், ஆன் பண்ணியதும் மெம்டெஸ்ட்86 ஒரு இரவு ஓட விட்டுப் பிழை இல்லை என்று உறுதிப்படுத்துங்கள்.

செலவு ஒரு டியூப் பேஸ்ட். ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. மற்ற மூன்று வழிகளில் எதற்குப் போனாலும் இதைச் செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

## வழி 2: லேசாகத் தட்டிவிடுவது

ஏஎம்டியில் இதற்குப் பெயர் பிபிஓ. புரோசஸர் தன் வேகத்தைத் தானே தீர்மானிக்கும், நீங்கள் எல்லையை மட்டும் கொஞ்சம் தளர்த்துகிறீர்கள். ரைசன் 5000 வந்தபோது இதோடு கர்வ் ஆப்டிமைசர் என்று ஒன்றும் வந்தது. அதுதான் நம் ஊருக்கு மிகப் பொருத்தமான விஷயம் என்பது என் கருத்து. அதில் மைனஸ் எண் ஒன்றைக் கொடுத்தால் அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜைப் புரோசஸர் பாவிக்கும். ஒரு எண் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட், மைனஸ் 30 வரை போகலாம். வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் தானாக வேகம் கூடும். வேகத்தைக் கூட்டுவதும் வோல்டேஜைக் குறைப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிற இடம் இது ஒன்றுதான். எல்லைகளைத் தளர்த்தாமல் கர்வ் ஆப்டிமைசரை மட்டும் போட்டால் 65 வாட் ரைசன் 5 5600 தன் 76 வாட் எல்லைக்குள்ளேயே நின்று இன்னும் வேகமாக ஓடும். யூபிஎஸ்ஸுக்கும் (கரண்ட் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி) பவர் சப்ளைக்கும் ஒரு வாட்கூடப் பாரம் ஏறாது.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது, புதியவர்கள் எல்லோரும் விழுகிற இடம். கர்வ் ஆப்டிமைசரை அதிகமாகக் குறைத்தால் மெஷின் முழு வேலையில் விழாது, சும்மா இருக்கும்போது விழும். சினிபெஞ்ச் (வேகம் அளக்கும் சோதனைப் புரோகிராம்) அரை மணிநேரம் ஓடும், நீங்கள் சரி என்று எழுந்து டீ குடித்துவிட்டு வருவதற்குள் வெறும் பிரவுசர் திறந்திருந்த மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். காரணம், ஒற்றைக் கோர் (புரோசஸருக்குள் இருக்கும் தனித்தனி வேலைப் பகுதிகளில் ஒன்று) உச்ச வேகத்துக்குத் தாவும் அந்தக் கணத்தில்தான் வோல்டேஜ் போதாமல் போகிறது. அதனால் கோர்சைக்கிளர் மாதிரி ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் புரோகிராமை இரவு முழுக்க ஓட விட வேண்டும். எல்லாக் கோருக்கும் மைனஸ் 10ல் தொடங்குங்கள், ஒரு வாரம் பாவியுங்கள், பிறகு 15. ஏற்கெனவே நன்றாக ஓடும் 'சிறந்த கோர்'களுக்குக் குறைக்க இடம் கம்மி, மற்றவற்றுக்கு அதிகம்.

ரைசன் 7000 வரிசை வைத்திருப்பவர்கள் 95 டிகிரியைப் பார்த்துப் பதற வேண்டாம், முழு வேலையில் அந்த எல்லை வரை போவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றுக்குப் பவர் லிமிட்டைக் குறைத்து, கர்வ் ஆப்டிமைசரையும் போடுவது இன்னும் நல்லது. பயோஸ் மட்டும் 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததா என்று கட்டாயம் பாருங்கள். அந்த மாதம் எக்ஸ்3டி புரோசஸர்கள் சில எரிந்ததைத் தொடர்ந்து எஸ்ஓசி (புரோசஸருக்குள் மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதி) வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என்று எல்லை போட்டார்கள்.

இன்டலில் 'கே' புரோசஸரும் இசட் போர்டும் இருந்தால் வோல்டேஜை ஓஃப்செட் முறையில் 50 மில்லிவோல்ட் குறைத்துப் பார்க்கலாம். கே இல்லாதவற்றில் இந்தக் கதவு பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும், பவர் லிமிட்டை மட்டும் தொடலாம்.

## வழி 3: கையால் ஏற்றுவது

வேகம் என்பது அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், அதைப் பெருக்கியால் பெருக்கினால் வருவது. 45 போட்டால் 4.5 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியைக் கூட்டுகிறீர்கள், ஒரு கட்டத்தில் விழுகிறது, வோல்டேஜைக் கூட்டுகிறீர்கள், மறுபடி நிலையாக ஓடுகிறது. வேலை இவ்வளவுதான், விலை வேறு இடத்தில் இருக்கிறது. மின்சக்தி வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 4.2ல் 1.20 வோல்ட்டில் ஓடியதை 4.6க்கு 1.35 வோல்ட் கொடுத்து ஏற்றினால் வேகம் பத்து சதவீதம்கூட வராது, சக்தி ஏறக்குறைய 40 சதவீதம் ஏறிவிடும். அந்த 40 சதவீதத்தைத் தாங்க வேண்டியது கூலர் மட்டும் இல்லை. மதர்போர்டில் புரோசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் விஆர்எம் என்ற மின் பகுதியும் தாங்க வேண்டும், மலிவான போர்டுகளில் அதன் மேல் ஹீட்சிங்க்கூட இருக்காது. பெட்டியோடு வந்த கூலர் கீழ்நோக்கி ஊதி அந்தப் பகுதிக்கும் காற்றுக் கொடுத்தது, நீங்கள் டவர் கூலர் (பக்கவாட்டில் ஊதும் உயரமான கூலர்) போட்டதும் அந்தக் காற்று நின்றுவிடும். கேசிங்கோடு சேர்த்துக் கொடுத்த, 500 வாட் என்று எழுதியிருக்கும் பவர் சப்ளையில் இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்.

முன்பு இது பெரிய லாபமாக இருந்தது. 1998ல் வந்த செலரான் 300ஏயை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள், அரைவாசி வேகம் சும்மா கிடைத்தது. ஐ5-2500கே 3.3ல் இருந்து 4.5க்குச் சாதாரணமாகப் போகும். இன்று அந்த இடைவெளியைத் தயாரிப்பாளர்களே எடுத்துவிட்டார்கள், கடையில் வாங்கும்போதே புரோசஸர் தன் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ரைசனில் கையால் ஒரே வேகத்தைக் குறித்தால் ஒற்றைக் கோர் உச்ச வேகத்தை இழக்கவும் நேரும். 5600எக்ஸ் தானாக 4.6 தொடும், நீங்கள் எல்லாக் கோருக்கும் 4.5 போட்டால் ரெண்டரிங் கொஞ்சம் வேகமாகும், கேம் மெதுவாகும்.

வோல்டேஜ் பற்றி ஒன்று. ரைசன் சும்மா இருக்கும்போது 1.45 வோல்ட் காட்டுவதைப் பார்த்து "அப்போ 1.4 பாதுகாப்புத்தானே" என்று கையால் நிரந்தரமாகப் போட்டுவிடுகிறார்கள். அந்த 1.45 ஒரு கோருக்குக் கணப்பொழுது, குறைந்த கரண்டில் போவது. எல்லாக் கோரும் முழு வேலையில் இருக்கும்போது அதே வோல்டேஜ் புரோசஸரை மெல்ல மெல்ல அரித்துவிடும். ரைசன் 3000, 5000 வரிசையில் கையால் போடுவதானால் 1.3ஐத் தாண்ட வேண்டாம் என்பேன்.

இன்டல் 13ஆம், 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் வோல்டேஜைக் கூட்டும் பக்கமே போகாதீர்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதால் அந்தப் புரோசஸர்கள் நிலைகுலைந்ததும், 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் மைக்ரோகோட் (புரோசஸரின் உள் நிரல்) திருத்தம் வந்ததும், பெட்டியில் விற்றவற்றுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியதும் தெரிந்த கதை. பயோஸைப் புதுப்பியுங்கள், அதோடு நில்லுங்கள். ஏற்கெனவே பழுதானதைத் திருத்தம் குணப்படுத்தாது, பாவித்ததாக வாங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இது பொருத்தமான இடம் உண்டு. 6ஆம் தலைமுறை முதல் 10ஆம் தலைமுறை வரையிலான இன்டல் கே புரோசஸர், இசட் போர்டு, நல்ல பவர் சப்ளை, சரியான எர்த், வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது, இந்த மெஷின் போனாலும் பிழைப்பு போகாது. இப்படி ஒருவருக்குக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை, கிடைக்கும் வேகமும் உண்மையானது.

## வழி 4: காசை வேறு பாகத்தில் போடுவது

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். மெஷின் இழுக்கும் நேரத்தில் எது நூறில் நிற்கிறது? டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி. மெமரி என்றால் ரேம். கேமில் கிராபிக்ஸ் கார்ட் நூறில் நிற்கிறது என்றால் புரோசஸரை எவ்வளவு ஏற்றினாலும் பிரேம் கூடாது. மெஷின் இழுக்கிறது என்று சொல்பவர்களில் நிறையப் பேருடைய மெஷினில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது.

ஏஎம்4 போர்டு (ரைசன் 5000 வரையிலானவை பொருந்தும் போர்டு) வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி. ரைசன் 3 அல்லது பழைய ரைசன் 5 போட்ட பி450 போர்டில் பயோஸை மட்டும் புதுப்பித்து ரைசன் 5 5600 அல்லது 5700எக்ஸ் மாட்டலாம். டவர் கூலர், நல்ல பவர் சப்ளை என்று ஓவர்கிளாக்குக்கு ஆகும் மொத்தச் செலவை ஒரு தாளில் எழுதி, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாக் கடைகளில் அன்றைக்கு அந்தப் புரோசஸர் என்ன விலை என்று போனில் கேட்டு, பழையதை விற்றால் வருவதைக் கழித்துப் பாருங்கள். பல நேரம் வித்தியாசம் ரொம்பக் கிட்டத்தில் நிற்கும், பயனோ ஓவர்கிளாக்கைப் போலப் பல மடங்கு. ஆபத்து ஒன்றே ஒன்று: பயோஸ் புதுப்பிக்கும் நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடலாம். யூபிஎஸ் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள், மழை நாளில் யூபிஎஸ் இருந்தாலும் செய்யாதீர்கள்.

| பார்ப்பது | ஒழுங்குபடுத்துவது | லேசாகத் தட்டுவது | கையால் ஏற்றுவது | வேறு பாகம் |
|---|---|---|---|---|
| வேகம் | கொஞ்சம். எக்ஸ்எம்பி இல்லாதிருந்தால் நல்ல அளவு | கொஞ்சம் | பழையதில் நல்ல அளவு, புதியதில் சொற்பம் | சரியான பாகமானால் மிக அதிகம் |
| சூடு | குறையும் | எல்லையைத் தளர்த்தாவிட்டால் கூடாது | நிறையக் கூடும் | பாகத்தைப் பொறுத்தது |
| கரண்ட் | மாறாது | எல்லையைத் தளர்த்தாவிட்டால் கூடாது | கூடும் | புரோசஸரைப் பொறுத்தது |
| மறைசெலவு | பேஸ்ட் மட்டும் | வாரண்டி, சோதிக்கும் இரவுகள் | கூலர், பவர் சப்ளை, பில், வாரண்டி | பயோஸ் புதுப்பிப்பு, போக்குவரத்து |
| திரும்பி வருவது | தேவையில்லை | எளிது | வோல்டேஜ் மிஞ்சினால் முடியாது | பழையதை மாட்டலாம் |

## யாருக்கு எது?

வீட்டில் எர்த் சரியில்லை, யூபிஎஸ் இல்லை என்றால் முதல் வழி. ஏ.எல். படிக்கும் பிள்ளையின் ஒரே மெஷின், அதில்தான் பாடமும் ப்ராஜெக்ட்டும் என்றாலும் முதல் வழிதான், பரீட்சை முடியட்டும். ஸ்டூடியோ வைத்து எடிட்டிங் செய்பவர்கள் நான்காவதைப் பாருங்கள், வாடிக்கையாளர் காத்திருக்கும் மெஷினில் பரிசோதனை கூடாது. ரைசன் 5000 அல்லது அதற்குப் பிந்தியது, பி450 அல்லது அதற்கு மேலான போர்டு, ஒரு யூபிஎஸ், கொஞ்சம் பொறுமை இருக்கிற எவருக்கும் இரண்டாவது வழியைத் தயங்காமல் சொல்வேன். மூன்றாவது, மேலே சொன்ன பழைய கே புரோசஸர்காரர்களுக்கு மட்டும்.

## இறங்குவது என்று முடிவெடுத்தால்

ஒன்றையும் தொடும் முன் இப்போதைய நிலையை எழுதி வையுங்கள்: சினிபெஞ்ச் எண், எச்டபிள்யூஇன்ஃபோவில் (சூடு, வோல்டேஜ் காட்டும் புரோகிராம்) முழு வேலையின்போது வரும் சூடு, வோல்டேஜ், அந்த நேரத்து அறை வெப்பம். இந்த எண்கள் இல்லாமல் முன்னேறினோமா பின்னடைந்தோமா என்று சொல்ல முடியாது. போர்டில் சிமோஸ் (பயோஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) அழிக்கும் ஜம்பர் எங்கே என்று டார்ச் அடித்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் எழும்பாமல் போனால் பிளக்கைக் கழற்றி அதை ஷார்ட் பண்ணினாலோ, நாணயம் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைத்தாலோ பழைய நிலைக்கு வரும். ஃபோட்டோ, பாடம், வேலை எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள், நிலையில்லாத மெஷின் ஃபைலைச் சத்தமில்லாமல் கெடுக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஓசிசிடி அல்லது பிரைம்95 (முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் புரோகிராம்கள்), பிறகு கோர்சைக்கிளர். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ (வன்பொருள் பிழைப் பதிவு) என்று பிழை வந்திருக்கிறதா பாருங்கள். மெஷின் விழாமல் ஓடினாலும் அங்கே 19ஆம் எண் பிழை வரிசையாக இருந்தால் அது நிலையாக இல்லை, ஒரு படி பின்வாங்குங்கள். முழு வேலையில் 85 டிகிரிக்குள் நின்றால் எனக்குத் திருப்தி.

யூபிஎஸ்ஸையும் சோதியுங்கள். சாதாரண 650 விஏ யூபிஎஸ் தாங்குவது 360, 390 வாட் பக்கம்தான். கிராபிக்ஸ் கார்டும் புரோசஸரும் சேர்ந்து முழு வேலையில் இருக்கும்போது கரண்ட் போனால் அது 'கீ' என்று கத்திவிட்டு அப்படியே அணைந்துவிடலாம். முக்கியமான ஃபைல் எதுவும் திறந்திராதபோது ஒருமுறை சுவரில் இருக்கும் சுவிட்சை நிறுத்திப் பாருங்கள். இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கோடு ரௌட்டர் வயரையும் டெலிபோன் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள், பக்கத்தில் விழும் மின்னலை யூபிஎஸ் தடுக்காது.

கடைசியாக, சோதிக்கும் காலம். ஜனவரி இரவில், மூடுபனிக்கு நடுவே நிலையாக ஓடிய எண்கள் மார்ச் மாத மத்தியானத்தில் விழலாம். அதனால் ஊரில் இருப்பதிலேயே சூடான நாளில், பகல் ஒரு மணிக்கு, ஜன்னலைச் சாத்திவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கம்பஸ் கிடைத்தோ வேலை கிடைத்தோ மெஷினைக் கொழும்புக்குத் தூக்கிப் போகிறவர்கள் போகும் முன்பே பயோஸில் பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள், அங்கே போர்டிங் அறை வெயிலில் புதிதாகத் தொடங்கி, அந்த ஊருக்கென்று வேறொரு புரொஃபைலாகச் சேமித்துக்கொள்ளலாம்.